கேமரா சின்னது, ஜூம் சின்னதல்ல

"கேமராவே அரைக் கிலோதான், அதற்கு எதற்கு சார் பெரிய ஸ்டாண்டு?" ஹேண்டிகேம் வைத்திருப்பவர் ட்ரைபாட் வாங்கப் போனால் கடையில் முதலில் காதில் விழுவது இதுதான். ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கும் நண்பர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். கேமராவின் எடைக்கு ஏற்ற ட்ரைபாட், சின்ன கேமராவுக்குச் சின்ன ட்ரைபாட், பயணம் என்றால் அதைவிடச் சின்னது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடியிலிருந்தே தவறு. இந்தப் பேச்சை நம்பி வாங்கிய ஸ்டாண்டில் வைத்து மகளின் அரங்கேற்றத்தையும், அப்பாவின் எண்பதாம் கல்யாணத்தையும், வாழ்நாளில் ஒருமுறை போகிற இமயமலைப் பயணத்தையும் எடுத்துவிட்டு, வீட்டு டிவியில் போட்டுப் பார்த்து முகம் வாடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த நாள் திரும்பி வராது. அதனால்தான் இந்த அறிவுரையை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

ட்ரைபாடின் வேலை எடையைச் சுமப்பது என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அரைக் கிலோவைச் சுமக்க ஒரு மூங்கில் குச்சி போதும். ட்ரைபாட் காக்க வேண்டியது கோணத்தை. லென்ஸ் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசை துளியும் அசையாமல் இருக்க வேண்டும். எவ்வளவு துளி என்பதை ஜூம்தான் முடிவு செய்கிறது. அதில் கேமராவின் எடைக்குப் பங்கே இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சோனி எஃப்டிஆர்-ஏஎக்ஸ்53 நம் ஊரில் பலரும் வைத்திருந்த ஹேண்டிகேம். பேட்டரி இல்லாமல் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 20 மடங்கு ஆப்டிகல் ஜூம். 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் சொன்னால் 26.8 மி.மீ.யில் தொடங்கி 536 மி.மீ. வரை போகும். ஜூம் செய்யாதபோது அதன் பார்வை இடமிருந்து வலமாக 65 டிகிரிக்கும் அதிகம். முழு ஜூமில் அது 4 டிகிரிக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. இப்போது ட்ரைபாட் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவைப் பொருத்தும் ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள பிளேட்டின் ஒரு முனை ஒரு தாளின் கனத்துக்கு உயர்ந்தால் அவ்வளவு அசைவு வந்துவிடும். ஜூம் செய்யாத காட்சியில் 55 அங்குல டிவியில் அது இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை, கண்ணில் படாது. முழு ஜூமில் அதே அசைவு டிவியில் மூன்று சென்டிமீட்டர். திரையில் நிற்கும் ஆளின் முகம் மூன்று சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் போய்வந்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

தவறான அறிவுரை இத்தனை காலம் பிழைத்திருப்பதற்குக் காரணமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. எடுக்கும்போது நாம் பார்ப்பது கேமராவின் மூன்று அங்குல எல்சிடி திரையை. டிவியில் மூன்று சென்டிமீட்டராகத் தெரியும் ஆட்டம் அந்தத் திரையில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. எல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்று நம்பி ஸ்டாண்டை மடக்கிவிடுகிறோம். ஊர் திரும்பி டிவியில் பார்க்கும்போதுதான் உண்மை தெரிகிறது. அப்போதும் பழியைக் கேமராமீது போடுகிறோமே தவிர ஸ்டாண்டைச் சந்தேகிப்பதில்லை.

இவ்வளவு சின்ன கேமராவுக்கு 536 மி.மீ. எப்படி வந்தது என்பதையும் கவனியுங்கள். அதன் சென்சார் மிகச் சிறியது என்பதால்தான். சென்சார் சிறியதானால் சிறிய லென்ஸே தூரத்தை இழுத்துக் காட்டும். அதாவது, கேமராவைச் சின்னதாக்கியது எதுவோ அதுவேதான் அதன் ஜூமையும் நீளமாக்கியது. முழு அளவு சென்சாருக்கான கேனான் 500 மி.மீ. எஃப்4 லென்ஸ் மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல். அதை வைத்திருப்பவரிடம் போய் ஆயிரம் ரூபாய் ஸ்டாண்டு போதும் என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். ஹேண்டிகேமின் முழு ஜூம் பார்ப்பது ஏறத்தாழ அதே குறுகிய கோணத்தைத்தான். அந்த லென்ஸுக்குத் தேவைப்படும் அதே அசையாமை இதற்கும் வேண்டும்.

சொல்லப்போனால் இதற்குச் சற்று அதிகமாகவே வேண்டும். கனமான கேமராவை அதன் கனமே ஓரளவு நிறுத்தி வைக்கிறது. லேசான கேமராவுக்கு அந்தத் துணை கிடையாது. ரெக்கார்டு பட்டனைத் தொட்டாலே அசையும். பக்கவாட்டில் திறந்த எல்சிடி திரை கடற்கரையில் குடை மாதிரி காற்றைப் பிடித்துக் கேமராவையே திருப்பப் பார்க்கும். மேடைக்கு முன் மரப்பலகைத் தளத்தில் யாராவது நடந்து போனால் அந்த அதிர்வு காலில் ஏறி லென்ஸ் வரை வந்து சேரும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். கேமராவிலேயே ஸ்டெபிலைசர் இருக்கிறதே, பிறகு ட்ரைபாட் எதற்கு? ஸ்டெபிலைசர் நல்ல கண்டுபிடிப்பு, அதில் சந்தேகமே இல்லை. நான் சொன்ன சோனி மாடலில் லென்ஸ் தொகுதி முழுவதும் உள்ளுக்குள் மிதந்தபடி கை நடுக்கத்துக்கு எதிராக நகர்கிறது. நடந்துகொண்டே எடுக்கவும், கடைத்தெருவில் கையில் பிடித்து எடுக்கவும் அது போதும். ஆனால் கையில் பிடித்திருக்கும் நடுக்கத்துக்காக வடிவமைத்த கருவி அது. ட்ரைபாடில் வைத்து மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பி, அதாவது பேன் செய்து பாருங்கள். நாம் வேண்டுமென்று திருப்புவதையும் அது நடுக்கம் என்றே எடுத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் காட்சியைப் பிடித்து வைத்து, தாங்க முடியாத இடத்தில் சட்டென்று விடுகிறது. நாம் நிறுத்திய பிறகும் படம் சற்று வழுக்கிக்கொண்டு போய் நிற்கிறது. ட்ரைபாடில் வைக்கும்போது ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள் என்று கேமராவுடன் வரும் கையேடுகளிலேயே போட்டிருக்கிறார்கள். அதைப் படிப்பவர்தான் குறைவு.

இரண்டு மணி நேர அரங்கேற்றத்தையும் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தையும் கையில் பிடித்தே எடுப்பதாகச் சொல்கிறவர்களும் உண்டு. கை நடுங்காமல் இருக்கலாம், ஆனால் தோள் இறங்கும். ஆடுபவரின் தலை மெல்ல மெல்ல திரைக்கு மேலே போய் வெட்டுப்படும். காட்சிச் சட்டத்தை அதே இடத்தில் நிறுத்திவைக்க எந்த ஸ்டெபிலைசராலும் ஆகாது. கையில் பிடித்து நடந்தபடி எடுக்க உதவும் கிம்பலும் அப்படித்தான். நடக்கும்போது அதற்கு நிகர் கிடையாது. ஒரே இடத்தில் நின்று தூரத்தை நெருங்கிப் பார்க்க வேண்டிய வேலைக்கு அது பிறந்ததே இல்லை.

ஆகவே ட்ரைபாட் வேண்டும். எந்த ட்ரைபாட்? பயணத்துக்கானது என்று கடைகளில் எடுத்து நீட்டும் பெரும்பாலானவற்றில் தலைப்பகுதியில் இருப்பது பால் ஹெட். ஒரு உருண்டை, அதைப் பிடிக்க ஒரு திருகு. ஃபோட்டோ எடுப்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. தளர்த்து, சட்டம் பார், இறுக்கு, க்ளிக் செய். வீடியோக்காரருக்கோ வேலை க்ளிக்கில் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. உருண்டையைத் தளர்த்தினால் மேல்கீழ், பக்கவாட்டு, சாய்வு மூன்றும் ஒரே சமயத்தில் அவிழ்ந்துவிடும். பறவையைப் பின்தொடர்ந்து திருப்பினால் தொடுவானம் சாய்ந்துகொண்டே போகும். சில பால் ஹெட்களில் பேனுக்குத் தனித் திருகு உண்டு. அதிலும் தடை சீராக இருக்காது. 2019இல் பீக் டிசைன் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு பயண ட்ரைபாடை அறிவித்து 1.2 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. கார்பன் மாடல் ஒன்றேகால் கிலோதான். மடக்கினால் கால்களுக்கு இடையே வீணாகும் வெற்றிடமே இல்லாத அழகான வடிவமைப்பு. ஆனால் அதனுடன் வருவதும் பால் ஹெட்தான். அது ஃபோட்டோக்காரரை மனதில் வைத்துச் செய்த பொருள். ஃபோட்டோக்காரர்கள் கொண்டாடுகிறார்கள் என்பதற்காக ஹேண்டிகேம்காரர் அதை வாங்கினால் பணத்துக்குப் பலன் இருக்காது.

வீடியோவுக்கு வேண்டியது ஃப்ளூயிட் ஹெட். ஆஸ்திரேலியாவின் எரிக் மில்லர் 1940களில் இதற்குக் காப்புரிமை பெற்றார். உலகம் முழுக்க சினிமாக்காரர்களும் செய்திக் கேமராக்காரர்களும் அன்று முதல் விடாமல் பிடித்துக்கொண்ட பொருள் இது. காரணம் எளிய இயற்பியல். இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும்போது, நகர்ந்துகொண்டிருக்கையில் இருக்கும் தடையைவிட நகரத் தொடங்கும் கணத்தில் இருக்கும் தடை அதிகம். மெதுவாகத் தள்ளினால் முதலில் அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் குபீரென்று கிளம்பும். இடையில் கெட்டியான திரவம் இருந்தால் கதை வேறு. திரவத்தின் தடை வேகத்தோடு சேர்ந்து வளரும், வேகம் இல்லாதபோது தடையும் இல்லை. அதனால் அசைவு தெரியாமல் தொடங்கி, தெரியாமல் முடிகிறது.

வேடந்தாங்கலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கரையில் நாம் நிற்கிறோம், ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூடுகள். நத்தைகுத்தி நாரை ஒன்று வாயில் குச்சியோடு வந்து இறங்குகிறது. முழு ஜூமில் அதைப் பிடித்திருக்கிறோம். அது கூட்டிலிருந்து பக்கத்துக் கிளைக்கு இரண்டடி நடக்கிறது. அந்த இரண்டடிக்குக் கேமரா திரும்ப வேண்டியது ஒரு டிகிரிக்கும் குறைவு. உரசல் தலை உள்ள ஸ்டாண்டில் கைப்பிடியைத் தள்ளினால் முதலில் பிளாஸ்டிக் வளைகிறது, பிறகு தலை தாவுகிறது, பறவை சட்டத்தைவிட்டே போய்விடுகிறது. திருப்பிக் கொண்டுவந்து கையை எடுத்தால் வளைந்த பிளாஸ்டிக் நிமிர்ந்து மறுபடி ஒரு குதி. நல்ல ஃப்ளூயிட் ஹெட்டில் சுண்டுவிரல் அழுத்தத்தில் படம் பறவையோடு நகரும், கையை எடுத்தால் எடுத்த இடத்தில் நிற்கும். மலிவான ஸ்டாண்டுகளின் பெட்டியிலும் ஃப்ளூயிட் ஹெட் என்று அச்சடித்திருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். உள்ளே பல சமயம் பிளாஸ்டிக் வளையமும் கொஞ்சம் கிரீஸும்தான் இருக்கும்.

அப்படியானால் கல்யாண வீடியோக்காரர்களின் பெரிய ஸ்டாண்டையே வாங்கிவிடலாமே என்று மறுகோடிக்கு ஓடுகிறவர்களையும் தடுக்க வேண்டும். பெரிய வீடியோ தலைகளுக்குள் கேமராவின் கனத்தைச் சமன்செய்ய ஸ்பிரிங் இருக்கும். அது இரண்டு, நான்கு கிலோ கேமராக்களுக்காக அமைத்தது. அரைக் கிலோ ஹேண்டிகேமை அதில் வைத்துக் கீழே சாய்த்தால் ஸ்பிரிங் ஜெயித்துக் கேமராவை மேலே தள்ளிவிடும். ஸ்பிரிங்கை முழுவதுமாக விலக்க வழியில்லாத தலை நமக்கு உதவாது. நமக்கு வேண்டியது ஒரு கிலோவுக்குள் இருக்கும் கேமராவுக்கான, ஸ்பிரிங் இல்லாத அல்லது மென்மையான ஸ்பிரிங் உள்ள சின்ன ஃப்ளூயிட் ஹெட். மான்ஃப்ரோட்டோ நிறுவனத்தின் பிஃப்ரீ லைவ் வரிசை இப்படிப் பயணத்துக்கென்றே செய்தது. அலுமினிய மாடல் தலையோடு ஒன்றே முக்கால் கிலோ அளவில் இருக்கும். அதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இப்படி ஒரு வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன்.

பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருக்கும் 'தாங்கும் எடை' எண்ணும் நமக்கு எதையும் சொல்வதில்லை. எட்டுக் கிலோ தாங்கும் என்றால், எட்டுக் கிலோ வைத்தால் முறியாது, சரியாது என்று பொருள். அரைக் கிலோ வைத்தால் ஆடாது என்பது அதற்குள் அடங்கவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி அந்த எண்ணை எடுக்கும் விதமும் வேறு. இரண்டு ஸ்டாண்டுகளை அதை வைத்து ஒப்பிடுவது வீண்.

கால்களுக்கு வருவோம். இங்கேதான் எடையைக் குறைக்க முடியும். எல்லாரும் குறைப்பதோ தவறான இடத்தில். மடக்கிய நீளம் குறைய வேண்டும் என்று காலை ஐந்து துண்டாக்குகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிட ஒல்லி. கடைசித் துண்டு சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிடும். ஒரே தகட்டுக் கனமுள்ள குழாயின் விட்டம் பாதியானால் வளையாமல் நிற்கும் அதன் திறன் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும், பாதியாக அல்ல. மேலே எவ்வளவு நல்ல தலையை வைத்தாலும் அந்தக் கடைசித் துண்டுதான் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும். கால்களுக்கு நடுவே மேலே ஏறும் நடுத்தண்டு அதைவிட மோசம். அதை முழுக்க உயர்த்தினால் மூன்று காலின் பலம் போய் ஒற்றைக் குச்சியின் உச்சியில் கேமரா நிற்கிறது. கடையில் 'ஐந்தடி உயரம்' என்று காட்டுவது பெரும்பாலும் நடுத்தண்டையும் சேர்த்த கணக்கு.

சரி, எடையை எங்கே குறைப்பது? உயரத்தில். ஹேண்டிகேமுக்கு மற்றக் கேமராக்களில் பலவற்றுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு, பக்கவாட்டில் திறந்து மேலும் கீழும் சுழலும் எல்சிடி திரை. அதை மேல்நோக்கித் திருப்பிக்கொண்டால் கேமரா நெஞ்சு உயரத்தில் இருந்தாலே வசதியாகப் பார்த்து எடுக்கலாம். கண் மட்டத்துக்கு ஸ்டாண்டு ஏற வேண்டிய அவசியமில்லை. நடுத்தண்டை ஏற்றாமல் நான்கு, நான்கேகால் அடி வந்தால் பயணத்தில் முக்கால்வாசி வேலைக்குப் போதும். உட்கார்ந்து பார்க்கும் கச்சேரிக்கு அதுவே அதிகம். கூட்டத்துக்குப் பின்னால் நின்று எடுப்பவருக்கு இது குறைதான். படிக்கட்டோ திண்ணையோ தேடிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு சிரமத்தை ஏற்றுக்கொண்டால் மூன்று அல்லது நான்கு துண்டுள்ள, சற்றுத் தடித்த, குட்டையான கால்கள் கிடைக்கும். எடையும் கூடாது, உறுதியும் குறையாது.

கார்பன் ஃபைபர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். 1990களில் ஜிட்சோ நிறுவனம் கொண்டுவந்தது முதல் கார்பன் கால்களுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. அது நியாயமான மதிப்புதான். லேசாக இருக்கும், அதிர்வும் சீக்கிரம் அடங்கும். ஆனால் கையில் இருக்கும் பணம் இவ்வளவுதான் என்றால் கால் அலுமினியமாக இருக்கட்டும், மிச்சத்தைத் தலையில் போடுங்கள். கார்பன் கால்மேல் பிளாஸ்டிக் தலை வைத்துக்கொண்டு திரிவதில் என்ன பயன்?

'கையோடு வரும் ட்ரைபாடுதான் நல்ல ட்ரைபாட், கனமானது வீட்டிலேயே தங்கிவிடும்' என்பது எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். இதை நான் மதிக்கிறேன். வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவரிடம் மூன்று கிலோ ஸ்டாண்டைத் தூக்கச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. விமானத்தில் போகிறவருக்குக் கைப்பை ஏழு கிலோ, 55 சென்டிமீட்டர் என்ற வரம்பு இருக்கிறது. ஆனால் நாம் பேசுவது எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஆடும் ஸ்டாண்டு ஒரு கிலோ, ஆடாதது ஒன்றரை அல்லது ஒன்றே முக்கால். இடைவெளி ஒரு தண்ணீர் பாட்டில். அந்த முக்கால் கிலோவை மிச்சம் பிடிக்கிறோம் என்று பயனற்ற ஒரு கிலோவை ஊர் ஊராகச் சுமப்பது லாபமா?

அந்த முக்கால் கிலோவுக்கும் உண்மையிலேயே இடமில்லை என்றால் ஸ்டாண்டே வேண்டாம் என்று முடிவெடுங்கள். அதில் தவறில்லை. ஒற்றைக்கால் மோனோபாட் ஒன்றோ, சுவரிலும் பாறையிலும் வைக்க ஒரு சாண் உயரக் குட்டி ஸ்டாண்டோ எடுத்துக்கொண்டு, ஜூமைக் குறைத்து, நெருங்கிப் போய் எடுங்கள். ஆடும் ஸ்டாண்டில் முழு ஜூம் போடுவதைவிட அது பல மடங்கு மேல். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்று இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் விரிக்க எப்படியும் முன் அனுமதி வேண்டும். அங்கெல்லாம் இந்த வழிதான்.

வாங்கப் போகும்போது உங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் கையோடு கொண்டு போங்கள். கடை வாசலில் ஸ்டாண்டை விரித்து, நடுத்தண்டை ஏற்றாமல், கால்களை முழுக்க நீட்டி, ரசமட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து கேமராவை மாட்டுங்கள். ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு, தெருவின் மறுமுனையில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை முழு ஜூமில் பிடித்து ரெக்கார்டு செய்யுங்கள். காலை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். எழுத்துகள் எவ்வளவு நேரம் ஆடி அடங்குகின்றன என்று பாருங்கள். பிறகு பலகையின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெதுவாகப் பேன் செய்து, கைப்பிடியிலிருந்து கையை எடுங்கள். படம் பின்னால் குதித்தால் அந்தத் தலை வேண்டாம். பிளேட்டில் திருகுக்குப் பக்கத்தில் எழும்பி நிற்கும் சிறு முள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹேண்டிகேமின் அடியில் அதற்கென்று குழி விட்டிருந்தால், கேமரா திருகைச் சுற்றித் திரும்பாமல் பிடிப்பது அந்த முள்தான். எடுத்ததைக் கடையில் இருக்கும் பெரிய டிவி ஏதாவது ஒன்றில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதையே மொட்டை மாடியில் செய்துவிடலாம். தெருக்கோடி மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணே போதும்.